மாலை போட்டுக் குடியை விட்டவருக்கு மூன்றாம் நாள் வருவது என்ன?

கேள்வி இது: "கணவருக்கு 46 வயது. பன்னிரண்டு வருடமாகத் தினமும் இரண்டு குவாட்டர். போன கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டு, அன்றே குடியை விட்டார். முதல் நாள் கை நடுக்கம். இரண்டாம் நாள் ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஓடுகிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார், எங்களையே அடையாளம் தெரியவில்லை. பக்கத்து கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு வாரத்தில் தெளிந்தார். சாமி குத்தம் என்று மாமியார் பயந்துபோய் மாலையைக் கழற்ற வைத்தார். அவரும் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டார். இப்போது காலை அகட்டி வைத்து நடக்கிறார், நேற்று பேசியது இன்று ஞாபகம் இல்லை. இந்த வருடமும் மாலை போடுகிறேன் என்கிறார். விடலாமா?"

மாலை போடட்டும். ஆனால் மாலை போடும் நாளில் குடியை நிறுத்தக் கூடாது. அதற்குச் சில வாரம் முன்பே, மருத்துவமனையில் வைத்து நிறுத்தியிருக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் இன்னொன்று என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது: கால் அகட்டிய நடையும் மறதியும். அதற்குக் கார்த்திகை வரை காத்திருக்கவே முடியாது. இந்த வாரமே போக வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்றாம் நாள். உங்கள் மாமியார் பயந்ததில் தப்பே இல்லை. நேற்றுவரை நன்றாக இருந்த மனிதர் விரதம் தொடங்கிய மூன்றாம் நாள் பித்துப் பிடித்ததுபோல் ஆனால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது நாள் கணக்குப் பிசகாமல் வருகிற ஒரு நோய். மருத்துவத்தில் அதற்கு டெலிரியம் டிரெமென்ஸ் என்று பெயர். மது நிறுத்தத்தால் வரும் சித்தப் பிரமை என்று வைத்துக்கொள்ளலாம்.

தேர் சரிவில் இறங்கும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்களே, மூளைக்கு மது செய்வது அதுதான். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை அது கூட்டுகிறது, முடுக்கிவிடும் குளுட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. வருடக்கணக்கில் தினமும் முட்டுக்கட்டை விழுந்தால் மூளை சும்மா இருக்காது. அதையும் மீறி ஓடுவதற்காகத் தன் இழுப்பைக் கூட்டிக்கொண்டே போகும். அந்த நிலையில் கட்டையை ஒரே நாளில் உருவிவிட்டால் தேர் தறிகெட்டுத்தான் ஓடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்பு, பிரமை எல்லாம் அந்த ஓட்டம்தான்.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குவாட்டர் 180 மில்லி. டாஸ்மாக்கில் விற்கிற பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாமே 42.8 சதவீதம். அப்படியானால் ஒரு குவாட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால், இரண்டில் 120 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். ராத்திரி பத்து மணிக்கு இரண்டு குவாட்டர் முடித்தவர் உடம்பில் மறுநாள் காலை பத்து மணிக்கும், சில சமயம் மதியம் தாண்டியும் ஆல்கஹால் இருக்கும். மீண்டும் சாயங்காலம் குடிக்கிறார். பன்னிரண்டு வருடத்தில் அவர் மூளை ஆல்கஹால் இல்லாத ஒரு முழு நாளைப் பார்த்திருக்காது. "ராத்திரி மட்டும்தான் குடிப்பார்" என்று வீட்டில் சொல்வது இதனால்தான் சரியான கணக்கு ஆகாது.

நிறுத்தியபின் நடப்பது இப்படி. கடைசி டம்ளரிலிருந்து 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை. காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்பவர்களுக்குத் தினமும் நடப்பது இதன் ஆரம்பம்தான். 6 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம், முன்பு வலிப்பே வராதவருக்கும் வரும். இந்த வலிப்பு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு வரை அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள். அந்த அடுத்த கட்டம் 48 மணியிலிருந்து 96 மணிக்குள், அதாவது மூன்றாம் நாள் நான்காம் நாள் வாக்கில் வருகிறது. சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போது கூடும்.

பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். போர்வையில் இல்லாத நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார். உடம்பில் ஊராத எறும்பைத் தட்டிவிடுவார். ஆட்டோ ஓட்டுகிறவர் என்றால் கட்டிலில் உட்கார்ந்தபடி கிளட்ச் பிடிப்பார், கியர் மாற்றுவார், வராத சவாரியிடம் எங்கே போகணும் என்று கேட்பார். தறி நெய்கிறவர் வெறுங்கையால் நாடா தள்ளுவார். நாள் கிழமை தெரியாது, இருக்கிற இடம் தெரியாது. கூடவே காய்ச்சல், உடையெல்லாம் நனைகிற வியர்வை, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120க்கு மேல். ஆளைக் கொல்வது எறும்பு அல்ல, இந்தக் காய்ச்சலும் துடிப்பும் நீர்ச்சத்து இழப்பும்தான். சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த நிலைக்கு வந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்தார்கள். இன்று நேரத்துக்குச் சிகிச்சை கிடைத்தால் நூற்றில் ஐந்துக்கும் குறைவு. உங்கள் கணவர் போன வருடம் பிழைத்தது பெரிய விஷயம்.

"போன தடவை தாங்கிக்கொண்டாரே, இந்தத் தடவையும் தாங்குவார்" என்று யாராவது சொல்வார்கள். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். திடீர் நிறுத்தம் ஒவ்வொரு முறையும் மூளையைக் கூடுதலாகச் சூடேற்றி வைக்கிறது. முதல் வருடம் வெறும் நடுக்கம், அடுத்த வருடம் வலிப்பு, அதற்கடுத்த வருடம் பிரமை என்று படியேறலாம். வருடா வருடம் மாலைக்காகவோ, நோன்புக்காகவோ, தவக்காலத்துக்காகவோ, கோயிலில் கட்டிய கயிறுக்காகவோ ஒரே நாளில் நிறுத்திவிட்டு, முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்புகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். முன்பு ஒரு முறை வலிப்போ பிரமையோ வந்தவர் வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது. உங்கள் கணவர் அந்தக் கணக்கில் வந்துவிட்டார்.

இப்போது அந்த நடை, அந்த மறதி. நீண்ட நாள் குடிப்பவர் உடம்பில் தயமின் எனப்படும் பி1 வைட்டமின் வற்றிப்போகும். சாப்பாடு குறைவு, சாப்பிட்டதிலும் குடல் உறிஞ்சுவது குறைவு, கல்லீரலில் சேமிப்பும் குறைவு. நல்ல நிலையிலுள்ள உடம்பிலேயே சேமிப்பு சுமார் 30 மில்லிகிராம்தான், இரண்டு மூன்று வாரத்துக்குக் காணும். சர்க்கரையை எரிக்க மூளைக்கு இந்த பி1 வேண்டும். வற்றிய உடம்பில் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றினால், மிச்சம் இருந்த பி1 முழுவதும் அதை எரிக்கவே செலவாகி, மூளையின் சில பகுதிகள் பட்டினியில் கருகலாம். வெர்னிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1881இல் விவரித்த நோய் இது. குழப்பம், கண் ஒரு பக்கம் அசையாமல் நிற்பது அல்லது ஆடுவது, தள்ளாட்டம் என மூன்று அடையாளங்கள் சொல்வார்கள். மூன்றும் ஒன்றாக வருவது குறைவு என்பதால் பல இடங்களில் தவறிவிடுகிறது, "போதை இறங்கவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். கவனிக்காமல் விட்டால் நிரந்தர மறதியாக, கார்சகாஃப் நோயாக நின்றுவிடும். பழைய கதையெல்லாம் சொல்வார், காலையில் சாப்பிட்டது தெரியாது. தெரியாததை இட்டுக்கட்டிச் சொல்வார். பொய் சொல்கிறார் என்று வீட்டில் சண்டை நடக்கும்.

"சோர்வா இருக்கார், ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று நம் ஊரில் கேட்காத வீடு இல்லை. குடிப்பவரை அழைத்துப் போகும்போது மட்டும் இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "தினமும் குடிப்பவர், தயமின் ஊசி போட்டீர்களா?" சர்க்கரை அளவு அபாயமாகக் குறைந்திருந்தால் குளுக்கோஸைத் தள்ளிப்போட முடியாது, அப்போது இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்கள். வெர்னிக் என்று சந்தேகம் வந்தாலே ஒரு வேளைக்கு 200 முதல் 500 மில்லிகிராம் வரை, நாளுக்கு மூன்று வேளை, நரம்பு வழியாகச் சில நாட்கள் ஏற்றுவது வழக்கம். மருந்துக் கடையில் வாங்கும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை அந்த இடத்துக்கு எட்டாது. அதில் இருப்பது மிகக் குறைவு, குடிப்பவர் குடல் அதையும் சரியாக எடுக்காது.

உங்கள் கணவரின் தள்ளாட்டத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். போதையில் எப்போதோ விழுந்து மண்டைக்குள் மெல்ல ரத்தம் கசிந்திருக்கலாம், கல்லீரல் கெட்டு மூளை மங்கியிருக்கலாம், சிறுமூளையே சுருங்கியிருக்கலாம். அதனால் தலைக்கு ஒரு ஸ்கேன், கல்லீரல், உப்புகள், மெக்னீசியம், சர்க்கரை பார்க்கும் ரத்தப் பரிசோதனை எல்லாம் தேவைப்படும். போகும்போது "மறதி" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை வருடம், எத்தனை குவாட்டர், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், போன வருடம் மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மறைத்தால் ஆபத்து. வேறு எதற்காவது, கால் முறிவுக்கோ குடலிறக்க அறுவைக்கோ, மருத்துவமனையில் சேர்ந்து குடியை மறைத்தவர்களுக்குத்தான் மூன்றாம் நாள் வார்டில் திடீரென்று பிரமை வருகிறது.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? மது இருந்த இடத்தில் அதே முட்டுக்கட்டை வேலையைச் செய்கிற, ஆனால் அளந்து இறக்கக்கூடிய மருந்தைத் தருவார்கள். பெரும்பாலும் குளோர்டயசிபாக்சைடு அல்லது டயசிபாம், கல்லீரல் கெட்டவருக்கு உடம்பில் தேங்காத லோராசிபாம். முதல் நாள் அதிகம், பிறகு தினமும் குறைத்து 5 முதல் 7 நாளில் நிறுத்துவார்கள். நடுக்கம், வியர்வை, பதற்றம் போன்ற பத்து அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டு, அதைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கும் முறையும் உண்டு. இந்த மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அதன்மேல் குடித்தால் மூச்சே நின்றுவிடலாம். மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதுவே இரண்டாவது அடிமைத்தனம் ஆகும்.

முன்பு வலிப்போ பிரமையோ வராத, வயது குறைந்த, கல்லீரல் நன்றாக இருக்கிற, கூடவே ஆள் இருக்கிற ஒருவருக்கு வீட்டில் வைத்து நிறுத்துவதும் சாத்தியம், மருத்துவர் தினமும் பார்ப்பதாக இருந்தால். அப்போது முதல் ஐந்து நாள் அவரைத் தனியே விடக் கூடாது. வண்டி, ஏணி, கிணற்றடி, மொட்டை மாடி எதுவும் கூடாது. அறையில் சத்தம் குறைவாகவும் இரவில் விளக்கு எரிந்தபடியும் இருக்கட்டும். நிழல் குறைந்தால் பிரமையும் குறையும். கஞ்சி, மோர், ஓஆர்எஸ், இளநீர் என்று அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக. காபி குறைக்கவும். ஒரு நாளில் நான்கு தடவை மணிக்கட்டில் நாடி எண்ணுங்கள். சும்மா இருக்கும்போதே 100ஐத் தாண்டுவது, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொடுவது, பேச்சு குழறுவது, இல்லாததைப் பார்ப்பது, இதில் ஒன்று வந்தாலும் 108ஐ அழைத்துவிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றியுள்ள பொருட்களை நகர்த்துங்கள், நேரம் பாருங்கள். கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்காது. தானாக நிற்கும் நேரத்தில் அது கையில் இருந்திருக்கும், அவ்வளவுதான். வாயில் கரண்டி வைக்காதீர்கள். நடுக்கம் நிற்கட்டும் என்று நினைவு தப்பியவர் வாயில் சரக்கை ஊற்றுவதும் நடக்கிறது, அது நேராக நுரையீரலுக்குப் போகும். பிரமையில் இருப்பவரைக் கயிற்றால் கட்டிப்போட்டாலும் திமிறித் திமிறிச் சூடு ஏறும், தசை சிதையும், சிறுநீரகம் பாதிக்கும்.

மருத்துவமனையில் இடம் கிடைக்கச் சில நாள் ஆகும் என்றால், அதுவரை அவர் திடீரென்று நிறுத்த வேண்டாம். ஒரு மனைவிக்கு இதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் பாதுகாப்பு. கூடுதலாகப் போகாமல் பார்த்துக்கொண்டு, சாப்பாட்டைச் சரியாகக் கொடுங்கள்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கில் கடைகள் ஒரே நாளில் மூடியபோது லட்சக்கணக்கானவர்களுக்கு இந்தத் திடீர் நிறுத்தம் நடந்தது. மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று கேரள அரசு உத்தரவே போட்டது, அதை உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. நீதிமன்றம் சரி என்றுதான் நினைக்கிறேன். அந்த நிலைக்கு மருந்து மருத்துவமனையில் இருக்கிறது, பாட்டிலில் இல்லை. ஆனால் அந்த மருந்து இருப்பது மக்களுக்குத் தெரியவில்லை. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட போதைப் பழக்கக் கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார்கள்.

மற்ற போதைகளோடு ஒப்பிட்டால்தான் இதன் தீவிரம் புரியும். ஹெராயினையோ, ஊசியில் ஏற்றுகிற வலி மாத்திரையையோ நிறுத்தினால் வாந்தி, பேதி, உடம்பெல்லாம் முறிக்கிற வலி என்று நரக வேதனை. ஆனால் நிறுத்தியதாலேயே உயிர் போவது அரிது. நிறுத்துவதே கொல்லக்கூடிய போதைகளில் முதல் வரிசையில் இருப்பவை மதுவும் தூக்க மாத்திரையும். கடையில் சட்டப்படி கிடைப்பதால் மதுவை லேசாக எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொரு எச்சரிக்கை. "அவருக்கே தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்று பொடியும் சொட்டு மருந்தும் விற்கிறார்கள். தெரியாமல் கொடுக்கப்படுவது பல நேரம் டைசல்பிராம். ஆல்கஹால் உடம்பில் பாதி சிதைந்த நிலையில் உண்டாகும் நச்சை மேற்கொண்டு சிதையவிடாமல் தேக்குவது அதன் வேலை. அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, வாந்தி, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தச் சரிவு. இதயம் பலவீனமானவர் இறந்தே போகலாம். முழுச் சம்மதத்தோடு, கடைசிக் குடிக்கு 12 மணி நேரமாவது கழித்து, மருத்துவர் சொல்லித் தொடங்கினால் நல்ல மருந்து. மாத்திரையை நிறுத்தியபிறகும் இரண்டு வாரம் வரை வேலை செய்யும். இருமல் டானிக், அரிஷ்டம் போன்றவற்றிலும் ஆல்கஹால் உண்டு என்பதை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்புரோசேட் ஆகியவையும் இருக்கின்றன. கல்லீரல் கெட்டவருக்கு பேக்லோஃபென் பார்ப்பார்கள். எது பொருந்தும் என்பது ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவில் கேளுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது, 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டிடிகே மருத்துவமனை இருக்கிறது. போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416. தனியார் மறுவாழ்வு மையம் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா? முதல் ஒரு வாரம் மருத்துவரும் செவிலியரும் இரவிலும் இருப்பார்களா? குடும்பத்தினர் பார்க்க விடுவார்களா? "மருந்தெல்லாம் கிடையாது, பத்து நாள் அடைத்து வைத்தால் சரியாகிவிடும்" என்று சொன்னால் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். சங்கிலி போடுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு இதை நாள் வாரியாகப் பார்த்தால்: இந்த வாரமே நடைக்கும் மறதிக்கும் மருத்துவமனை. அங்கேயே குடி நிறுத்தச் சிகிச்சைக்கும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதற்குப் பிறகும் தூக்கம் சரியாக வருவதற்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் எடுக்கும். எரிச்சலாக இருப்பார், அதைக் குணம் என்று எண்ணிவிடாதீர்கள். குடிக்கத் தோன்றும் வேகம் பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி கையில் பணமும் பக்கத்தில் பழைய கூட்டாளியும் இல்லாமல் இருந்தால் போதும். கார்த்திகை ஒன்றாம் தேதி வரும்போது உடம்பில் மது இல்லாத மனிதராக மாலை போட்டுக்கொள்வார். 48 நாளோ 41 நாளோ, விரதமும் குருசாமியும் கூட இருக்கிற சாமிமார்களும் அவருக்கு எந்த மாத்திரையும் தராத பலத்தைத் தருவார்கள். அதை நான் குறைத்தே மதிப்பிட மாட்டேன். மாத்திரைகளை மட்டும் விரதத்துக்காக நிறுத்த வேண்டாம், குருசாமியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மலைக்குப் போய்வந்து மாலை கழற்றும் நாள்தான் பலர் மறுபடி கடைக்குப் போகிற நாள். காலண்டரில் அந்தத் தேதியை இப்போதே வட்டம் போட்டு, மறுநாள் காலைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கி வைத்துவிடுங்கள். அன்று சாயங்காலம் வீட்டில் அவரோடு யார் இருக்கப் போகிறார்கள் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.